இத்தாலித் தையல்

தம்பி அனுப்பிய படத்தில் அந்தக் குச்சி ஒரு மேசையின் மேல் குறுக்காகக் கிடந்தது. அவன் வேலூரில் லாங் பஜாருக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் இரண்டு மேசை போட்டு பூல் ஆட்டக் கடை நடத்துகிறான். பள்ளிக்கூடத்தில் கணக்கே ஏறாதவனுக்கு, எந்தப் பந்தை எந்தப் பக்கம் தட்டினால் எது குழியில் விழும் என்ற கணக்கு மட்டும் எப்படியோ வந்துவிட்டது. போட்டிகளில் ஆட, ஆர்டர் கொடுத்துச் செய்த குச்சி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். படத்தோடு அவன் குரலும் வந்தது. “அக்கா, ஆம்பூர்ல ஒரு ரிட்டயர்டு ஆளு விக்கிறாரு. ஸ்பெஷலா ஆர்டர் குடுத்து செஞ்ச ஸ்டிக்காம். கைப்பிடி தோலு இத்தாலி தையலாம். அதுக்கே வெலைய ஜாஸ்தியா சொல்றாரு. தோலப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீ வந்து பாத்து, வாங்கலாமா வாணாமான்னு சொல்லு.” அடுத்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நீ ஏண்டா போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறாய் என்று கிண்டல் செய்ய வாயெடுத்தவள், சும்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடித் தோலின் அடிமுனையில் தையல் முடியும் இடத்தில், நூல் அவிழாமல் இருக்கத் திரும்பிப் போடும் பின்தையல் மூன்று இருந்தது. எல்லாரும் இரண்டு போட்டு நிறுத்துவார்கள். மூன்று போடுகிறவள் நான் ஒருத்திதான். வருகிறேன் என்று தம்பிக்கு உடனே பதில் போட்டேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் கைத்தையல் பிரிவில் இருந்தேன். மொக்காசின் என்று ஒரு வகைச் செருப்பு உண்டு. அதன் முன்பக்க மடிப்பை மிஷினில் தைக்க முடியாது. இரண்டு ஊசி, மெழுகு நூல், ஒரு குத்தூசி வைத்துக் கையால்தான் இழுக்கவேண்டும். தோலை ஈரமாக்கி இழுத்துத் தைத்தால், காயும்போது அது தானாகவே இறுகி உட்கார்ந்துகொள்ளும். ஒரு தையல் ஏறி ஒரு தையல் இறங்கினால் மூஞ்சி கோணியது மாதிரி ஆகிவிடும். எங்கள் வரிசையில் முப்பது பேர் இருந்தோம். என் தையலைத் தனியாக எடுத்து வைத்து மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அழகு, பணம், படிப்பு எதுவும் இல்லாதவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வரும் பையர்கள் தங்குவதற்குக் கட்டிய கெஸ்ட் ஹவுஸில் ஒரு பூல் மேசை போட்டிருந்தார்கள். அவர்களோடு ஆடுவதற்கென்றே அவர் சொந்தமாக ஒரு குச்சி செய்து வைத்திருந்தார். அதை இரண்டாகக் கழற்றி ஒரு நீளப் பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போவார். கைப்பிடியில் சுற்றியிருந்த நூல் அழுக்கேறிப் போனதும் என்னைக் கூப்பிட்டார். “ஏ பொண்ணு, இதுக்கு மேல தோல் போட்டு, ஜாயிண்டே தெரியாம தச்சுக் குடு. நல்லா வந்துச்சுன்னா உன்னை சாம்பிள் ரூமுக்கு மாத்தறேன்.” சாம்பிள் ரூம் என்றால் எங்களுக்கு சொர்க்கம். புது மாடலுக்கு முதல் ஜோடி அங்கேதான் உருவாகும். பையர் நேரே வந்து தைத்தவளின் கையைப் பார்ப்பான். சம்பளமும் கூட. ஆனால் எனக்குச் சம்பளத்தைவிட அந்தக் கையைப் பார்க்கும் பார்வைதான் வேண்டியிருந்தது.

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தைத்தேன். மெல்லிய ஆட்டுத்தோல், காப்பிக்கொட்டை நிறம். பசை ஒரு சொட்டு வைக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்க, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கைப்பிடியின் நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு. காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தையல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

பையர்கள் வந்த அன்று சாம்பிள் தட்டை ஏந்திக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போகும் வேலை எனக்கு வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் மேனேஜரின் குச்சியைக் கையில் வாங்கி, கைப்பிடியைத் தடவி, நின்றுவிட்டார். யார் செய்தது என்று கேட்டிருக்கவேண்டும். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் மேனேஜர் சொன்ன பதிலில் ‘இட்டாலியன்’ என்ற சொல் புரிந்தது. எங்கள் கண்ணெதிரே போய்வரும் அட்டைப்பெட்டிகளில் தினமும் பார்க்கும் சொல் அது. நான் இரண்டு கை தூரத்தில் தட்டோடு நின்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். கண் சிமிட்டக்கூட இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இவர் நெய்யை மட்டுமல்ல, கையையும் சேர்த்து ஊர் தாண்டிக் கொடுத்துவிட்டார்.

ஒரு வாரம் பொறுத்து மேனேஜரிடம் போய், சாம்பிள் ரூம் விஷயத்தைக் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அங்கே என்னை உட்காரவைத்தால் அதே வெள்ளைக்காரர் வந்து என் தையலைப் பார்ப்பார், குட்டு உடையும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலையில் நான் தைத்த ஜோடிகள் முழுக்கச் சிவப்பாக இருந்தன. எங்கள் தொழிலில் தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தப்பே இல்லாத இடத்தில் எல்லாம் அம்பு. மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் மேனேஜர் எல்லார் முன்னாலும், “இவளுக்கு கை போய்டுச்சு, க்ளீனிங் டேபிள்ல போடு” என்றார். க்ளீனிங் டேபிள் என்றால் மற்றவர்கள் தைத்த ஷூவில் ஒட்டியிருக்கும் பசையைத் துணியால் துடைப்பது. ஆறு வருடம் துடைத்தேன். ‘கை போனவள்’ என்ற பேர், அந்தப் பக்கம் எந்த ஃபேக்டரிக்கு வேலை கேட்டுப் போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

பழசை மறந்துவிடு என்று எனக்கு நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் யாருக்கும் ஆறு வருடம் பசை நெடியில் தலை வலித்ததில்லை. அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன் எப்படி மறப்பான்? நான் குடியாத்தத்தில் ஆறு பெண்களை வைத்துப் பர்சும் பெல்ட்டும் தைத்துக் கொடுக்கிறேன், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஊசியில் நூல் கோக்கும்போது அந்த மனிதரின் வெள்ளைச் சட்டை கண்ணில் வராத நாள் குறைவு. அவர் நாசமாகப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் உண்டு. சாமிக்கு அதெல்லாம் கேட்பதில்லை போலிருக்கிறது. சொந்த வீட்டில் சௌக்கியமாகத்தான் இருந்தார்.

தம்பியிடம் நான் எதையும் சொல்லவில்லை. பட்டறைக்குத் தையல் மிஷின் ஒன்று வாங்கப் பணம் கட்டவேண்டி அன்றைக்கு எப்படியும் ஆம்பூர் போகவேண்டியிருந்தது. அவன் வேலூரிலிருந்து வந்தான், நான் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறினேன். மேனேஜர் கதவைத் திறந்தார். முடி நரைத்திருந்தது, மற்றபடி அதே நிமிர்வு, அதே சட்டை. என்னைப் பார்த்து, “வாங்கம்மா” என்றார். அடையாளம் தெரியவில்லை. நான் இருபது வருடம் சுமந்துகொண்டு திரிந்த ஆள், என்னை ஒரு நாள்கூடச் சுமக்கவில்லை.

தம்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். குச்சியைப் பூட்டி, கண்ணாடி மேசையின் மேல் உருட்டினான். நுனி லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. “சார், பெண்டு இருக்குது” என்றான். “வெயில்ல கொஞ்சம் அப்டி ஆவும்ப்பா, அது ஒண்ணியும் இல்ல” என்றார் அவர். நான் பையிலிருந்து சிவப்பு அம்பு ரோலை எடுத்து, வளைந்த இடத்தில் ஒன்று ஒட்டினேன். என் பெண்களின் வேலையைத் தினமும் பார்ப்பதால் அது எப்போதும் பையில் இருக்கும். நடுவில் பூட்டும் இடத்தில் முடி நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அங்கே ஒன்று. பந்தைத் தொடும் நுனித்தோல் தட்டித் தட்டிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இதில் அடித்தால் வழுக்கும் என்றான் தம்பி. அங்கே ஒன்று. மேனேஜரின் முகம் மாறியது.

“என்னம்மா இது?”

“நம்ம வழக்கம்தான சார். தப்பு இருக்கிற எடத்துல அம்பு ஒட்டுவோம்ல?”

“நீ எந்த ஃபேக்டரியில இருந்த?”

சொன்னேன். எந்த வருடம், எந்த வரிசை, எந்த பெஞ்ச் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “எத்தினியோ பொண்ணுங்க வந்தாங்க, போனாங்க” என்றார். பிறகு கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். “ஸ்டிக்கப் பத்தி ஆயிரம் சொல்லு. இந்த கிரிப்புல ஒரு அம்பு ஒட்டும்மா, பாக்கலாம். ஒரிஜினல் இத்தாலி.”

விரல் நுனியில் அம்போடு என் கை அந்தத் தையலின் மேல் நின்றது. ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் அவர் சவால் தோற்றது, வியாபாரமும் கெட்டது, மனிதர் மூக்குடைந்து நிற்பார். அதற்காகத்தானே பஸ் ஏறி வந்தேன்? ஆனால் அந்தக் கோடு இத்தனை வருடம் கழித்தும் கோணாமல் கிடந்தது. வியர்வையில் தோல் கறுத்திருந்ததே தவிர ஒரு தையல் தளரவில்லை. தப்பில்லாத இடத்தில் அம்பு ஒட்டுவது அவருடைய வேலை, என்னுடையது அல்ல. அம்பைச் சுருட்டிக் கீழே போட்டேன்.

“இது இத்தாலி இல்ல சார். நான் தச்சது. சாம்பிள் ரூமுக்கு மாத்தறேன்னு சொல்லி நீங்க தைக்க சொன்னது.”

“சும்மா சொல்லாதம்மா. எத்தினி பேர்கிட்ட நானே இத்தாலின்னு சொல்லிருக்கேன்” என்றார். அவர் நடிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது. என்னைத் துடைத்துப் போட்டதுகூட அவர் கணக்கில் நடக்கவேயில்லை.

தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். “வாணாம்க்கா, கோணல் ஸ்டிக்கு. இவரு சொல்ற வெலைக்கு பாதிகூட தேறாது. வா போலாம், பேஜாரு புடிச்ச எடம்.” அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆட்டக்காரன் எவனும் அதை வாங்கக்கூடாது. நான் மிஷினுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து, அவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் மேசை மேல் வைத்தேன். பேரம் பேசினால் அது என் தையலுக்கு நானே குறைக்கிற விலை. தம்பி வாயைப் பிளந்தான். மேனேஜர் இரண்டு முறை எண்ணிவிட்டுப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார்.

“பெட்டி வாணாம் சார்” என்று சொல்லி, நூல் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்தேன். அடிமுனையில் அந்த மூன்று பின்தையலையும் முதலில் அறுத்தேன். பிறகு கோட்டின் மேலேயே ஒவ்வொரு கண்ணாக அறுத்துக்கொண்டு போனேன். “ஏய், ஏய், இன்னா பண்ற?” என்று அவர் கத்தினார். என் பொருள், நான் அறுக்கிறேன் என்றேன். தோல் குச்சியின் வடிவத்திலேயே உரிந்து வந்தது. அடியில் இருந்த மரம் வெளுத்து, பழைய நூல் சுற்றிய பள்ளத்தோடு அசிங்கமாக இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தேன். “ஸ்டிக்கு உங்களுக்கே இருக்கட்டும் சார். நான் வாங்குனது இத மட்டும்தான்.”

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது தம்பி முழுக்கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, “அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டிக்கே ரெண்டு வாங்கிருக்கலாம்” என்றான். மிஷின் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. என் பெண்கள் பட்டறையில் இருந்த ஓட்டை மிஷினோடு மல்லுக்கட்டினார்கள், என்னையும் திட்டினார்கள். வயதான மனிதரிடம் அப்படி நடந்திருக்கவேண்டாமோ என்று எப்போதாவது தோன்றும் என்று நானும் எதிர்பார்த்தேன். தோன்றவில்லை. 

ஆம்பூர் போய்வந்த பத்தாம் நாள் தம்பி போன் செய்தான். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. மேனேஜர் வேலூரில் மூன்று இடத்தில் விசாரித்துவிட்டாராம். ஒருத்தர் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றாராம், இன்னொருவர் தைத்துக் காட்டிய துண்டு கோணிக்கொண்டு போயிற்றாம். கைப்பிடித் தோல் இல்லாத குச்சியை வாங்க யாரும் சீண்டவில்லையாம். “அந்த அம்மாவையே கேட்டுச் சொல்லுப்பா, முன்ன மாதிரியே தச்சுத் தருவாங்களான்னு” என்று தம்பியிடம் கெஞ்சினாராம். முன்ன மாதிரியே என்று அவர் வாயாலேயே சொன்னாரா என்று நான் இரண்டு முறை கேட்டேன். ஆமாம் என்றான்.

“இன்னாக்கா சொல்லட்டும்?”

நான் ஊசியைக் கீழே வைத்தேன். என் எதிரே ஆறு பெண்களும் தையலை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

“இத்தாலிக்கு அனுப்ப சொல்லு” என்றேன்.