நான் போட்ட பூட்டும் ஸ்ரீரங்கத்து ஓ.டி.பி.யும்

சர்வர்களோடு மாரடித்தே தலை நரைத்தவன் நான். ஆகவே, என் சர்வரே என்னை உள்ளே விடமாட்டேன் என்று சொன்ன அந்தக் காலையில் நான் துளியும் பதறவில்லை. மேஜைக்கு அடியில் புகுந்து, மோடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாதாவையும் ரங்கநாதரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

அது ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ஒன்றின் வெப்சைட் ஓடும் சர்வர். வைகுண்ட ஏகாதசிக்கான ரூம் புக்கிங் அன்று காலைதான் திறந்தது. லாட்ஜ் முதலாளி கோவிந்தன் சார் முன்பே சொல்லியிருந்தார்: "ஆரோக்கியம், ஏகாதசி சீசன்தான் எங்களுக்கு வருஷம். மத்த நாள்ல ஃபேன்தான் சுத்தறது."

முந்தின நாள் எனக்குப் பாதுகாப்புக் காய்ச்சல் கண்டிருந்தது. யாருடைய வெப்சைட்டையோ ஹேக் செய்த கதையை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, சர்வரில் கண்ட இடத்திலெல்லாம் பூட்டுப் போட்டேன். எங்கள் தில்லை நகர் ஆபீஸ் ஐ.பி. முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே உள்ளே விடு என்று ஃபயர்வாலுக்குக் கட்டளை. புக்கிங் படிவத்தில் யாராவது சந்தேகமாக எதையாவது தட்டினால் விரட்டியடி என்று இன்னொரு காவல்காரனுக்குக் கட்டளை. பழைய செட்டிங்கை காப்பி எடுத்து வைத்தேனா? வீரனுக்கு எதற்கு காப்பி!

மறுநாள் தில்லை நகரில் மாதாந்திர பவர் ஷட் டவுன். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் கம்ப்யூட்டர்களைத் தாங்கிப் பிடித்தது. மோடம் மட்டும் ஒருமுறை செத்துப் பிழைத்தது. மறுபிறவியில் அதற்குப் புது ஐ.பி. முகவரி. சர்வருக்கு நான் யாரோ எவனோ ஆகிவிட்டேன்.

அதே நேரத்தில் கோவிந்தன் சார் போன். "என்ன ஓய், தமிழ்ல பேர் போட்டா அனுமதி இல்லைங்கறதாம்! அலமேலுன்னு ஒரு மாமி மூணு தடவை போட்டுப் பார்த்துட்டா. அடுத்த லாட்ஜுக்குப் போயிடறேன்னு மிரட்டறா."

என் காவல்காரன் தமிழ் எழுத்தையெல்லாம் ஹேக்கரின் சங்கேதம் என்று முடிவு கட்டியிருந்தான். பூட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு உள்ளே போக வேண்டும். ஒரே ஒரு பின்வாசல்தான் பாக்கி: சர்வரை வாடகைக்கு விட்ட ஹோஸ்டிங் கம்பெனியின் வெப் கன்சோல். ஃபயர்வாலைத் தொடாமலேயே அது உள்ளே விடும். அந்த அக்கவுண்ட் லாட்ஜ் பெயரில் இருந்ததால் ஓ.டி.பி. கோவிந்தன் சார் போனுக்குத்தான் போகும்.

"சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும். கொஞ்சம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் 'டிங்' என்று சத்தம் கேட்டது. பிறகு, "சொல்ல மாட்டேன்."

"சார், நான் ஆரோக்கியம்!"

"ஆரோக்கியம்தான் போன வாரம் சொன்னார், யார் கேட்டாலும் குடுக்காதீங்க, நானே கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. இப்பல்லாம் குரலையே காப்பி அடிக்கறானாமே?"

"அதைச் சொன்னதே நான்தான் சார்!"

"அதான் சொல்றேன். நேர்ல வாங்கோ."

ஸ்கூட்டரை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் ஒரு டவுன் பஸ் எனக்கு முன்னால் ஊர்வலம் போனது. கீழே நதி ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அலமேலு மாமி அடுத்த லாட்ஜின் படியேறும் காட்சி மட்டும் கண்ணுக்குள் ஓடியது.

லாட்ஜ் கவுண்டரில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோவிந்தன் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ. ம்... நீங்கதான்."

அவருடைய கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தேன். ஓ.டி.பி. வந்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ" என்று சொல்லி, கையால் மறைத்துக்கொண்டு அவரே தட்டினார். கன்சோல் திறந்தது. பதற்றத்தில் முதலில் ஃபயர்வாலைக் கழற்றினேன். படிவம் அசையவில்லை. ஞாபகத்தில் இருந்த இன்னும் இரண்டு பூட்டுகளைக் கழற்றினேன். ம்ஹூம்.

"எந்தப் பூட்டுன்னு தெரியலையா?"

"எல்லாமே நான் போட்டதுதான் சார். அதான் குழப்பம்."

கடைசியில் அந்தக் காவல்காரனைப் பிடித்து, பார்த்ததைக் குறித்து வைத்தால் போதும், யாரையும் விரட்டாதே என்று மாற்றினேன். கோவிந்தன் சார் அலமேலு மாமிக்கு போன் போட்டு, "இன்னும் ஒரே ஒரு தரம் பாருங்கோ" என்று கெஞ்சினார். கொஞ்ச நேரத்தில் திரையில் முதல் புக்கிங் வந்து விழுந்தது. அழகான தமிழில், அலமேலு. பின்னாலேயே வரிசை தொடங்கியது.

சர்வரில் கை வைக்கும் தம்பி தங்கைகளே, பூட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். போடுமுன் பழைய செட்டிங்கை காப்பி எடுங்கள். ஏற்கெனவே சர்வருக்குள் நுழைந்திருக்கும் திரை ஜன்னலை மூடாமல், வேறு இடத்திலிருந்தும் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சீசன் முடிந்தபின் நானும் அப்படித்தான் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன்.

மறுபடி வெளியே மாட்டிக்கொள்ளாமலிருக்க அதற்கும் கன்சோல் தேவைப்பட்டது. போன் செய்து ஓ.டி.பி. கேட்டேன்.

"நேர்ல வாங்கோ" என்றார்.

நான் போட்டதிலேயே பழுதில்லாமல் வேலை செய்த பூட்டு அது ஒன்றுதான். அதைக் கழற்ற எனக்கும் வழி தெரியவில்லை.