துரை பங்களாவின் மாடி ரூம்

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து மலைக்கோட்டைப் பக்கம் போனேன். ஒரு ஹோட்டல் திறப்பு விழா. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் — ஊரில் துரை பங்களா என்பார்கள். துரை போன பிறகு தடுப்புச் சுவர் எழுப்பி, பன்னிரண்டு குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கீழ் போர்ஷனில் நானும் இருந்திருக்கிறேன். இப்போது அது 'ஹெரிடேஜ்' ஹோட்டல். நாம் இருந்தவரை பழைய வீடு... நம்மைக் காலி செய்த பிறகு பாரம்பரியம்!

வாசலில் காதர் பாயைப் பார்த்தேன். எனக்கு மேல்வீட்டில் இருந்த தையல்காரர். நாற்பது வருஷ வாசம். அவர் மனைவி — நான் அக்கா என்று கூப்பிடுவேன் — அந்த மாடி ரூமில்தான் கண்மூடினார். பாயை யாரும் அழைக்கவில்லை; கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அந்த ரூமை ஒரு தடவை பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாடிப்படி அடியில் செருப்பைக் கழற்றினார். அது அந்தக் கட்டடத்துப் பழக்கம். மாடியில் மரப்பலகைத் தரை. செருப்போடு நடந்தால் பலகை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுச் சோற்றில் மண் உதிரும். அதனால் மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெறுங்கால்தான்.

செக்யூரிட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? வெறுங்காலைப் பார்த்தார். வேலையாட்களெல்லாம் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்றார். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

மேனேஜர் பதறிப்போனார். பழைய குடித்தனக்காரர் என்றதும் பாயை உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். ரூம்? அதில் கெஸ்ட் வந்துவிட்டார்களாம்.

"பரவால்ல தம்பி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பாய்.

வெளியே வரும் வழியில் பெரிய போர்டு. கட்டடத்தின் வரலாறு — இங்கிலீஷில். பாய்க்கு இங்கிலீஷ் வராது. என்னைப் படிக்கச் சொன்னார். துரை கட்டியது, துரைசானி பியானோ வாசித்தது, குதிரை லாயம்... தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எங்களப் பத்தி என்ன போட்டிருக்காங்க தம்பி?"

அடுத்த வரி அதுதான். துரை போன பின் கட்டடம் பல்லாண்டுகள் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்ததாம்.

"எல்லாக் குடும்பத்தையும் போட்டிருக்காங்க பாய். அக்கா பேரும் இருக்கு" என்றேன்.

எந்த இடம் என்று கேட்டார். அந்த வரியைக் காட்டினேன். விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

வரலாறு எழுதியவன் சொன்ன பொய்க்கு, என் பொய் எவ்வளவோ தேவலை!