ஒற்றைப் பட்டன் போன்

சோதனைச் சாவடியில் இருந்தவர்கள்: கதிரையில் ஒரு அதிகாரி. துவக்குடன் இரண்டு சிப்பாய்கள். வெயிலில் குந்தியிருந்த, கிரான் ஊர்க் கந்தப்பர். என்னைக் கூட்டிவந்த பஸ் கொண்டக்டர். கடைசியாக நான்.

மேசையில் ஒரு போன். நான் செய்து கொடுத்தது.

ஓட்டமாவடியில் ஒரு கடையில் போன் திருத்தினேன். கந்தப்பருக்குப் பார்வை மங்கல். வீட்டில் தனி ஆள். மகள் குவைத்தில். ஷெல் விழுந்த செய்தி கேட்டால் மகள் எடுப்பாள். இவர் பச்சை என்று சிவப்பை அமத்துவார். லைன் வெட்டுப்படும். அப்பா இல்லை என்று அவள் அங்கே அழுவாள்.

"தம்பி, இத்தனை பட்டன் எனக்கென்னத்துக்கு? உழவு மெசினுக்கே இவ்வளவு இல்ல" என்றார்.

சைக்கிள் டியூப்பை வெட்டிப் பட்டன்களை மூடி ஒட்டினேன். இரண்டாம் நம்பரை மட்டும் விட்டேன். அமத்திப் பிடித்தால் மகளுக்குப் போகும். அவள் அங்கிருந்து எடுத்தால், அதையே ஒரு தட்டுத் தட்டிப் பேசலாம். சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

கறுப்பு ரப்பர், ஒற்றைப் பட்டன். அந்தச் சண்டை நாட்களில் அது குண்டை வெடிக்க வைக்கிற கருவிபோலத் தெரியும் என்று நான் நினைக்கவேயில்லை. வீடு போகும் வழியில் கந்தப்பரைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். செய்தவன் வராவிட்டால் கிழவனை முகாமுக்கு ஏற்றுவார்கள் என்று கடைக்கு வந்து சொன்னார் கொண்டக்டர்.

"யாரு செஞ்ச?" என்றார் அதிகாரி.

"நான், சேர்."

"ஒரு பட்டன் எதுக்கு?"

"அவருக்குக் கண் தெரியாது, சேர். மகளோட கதைக்க."

"அமத்து, பாப்பம்."

சிப்பாய்கள் பின்னால் நகர்ந்தார்கள். கந்தப்பர் அமத்தினார். மணி போனது.

"அப்பா! இருக்கீங்களா?" மகளின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இருக்கன் புள்ள. ஆமிக்காரரோட இருக்கன். நீ சோறு திண்டயா?"

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு என்று நினைக்கிறேன். "போ. ரப்பர் கழட்டிட்டுப் போ."

அங்கேயே பிளேட்டால் உரித்தேன்.

பஸ்ஸில் கந்தப்பர் சொன்னார், "தம்பி, மறுகா பழையபடி ஆக்கிப் போட்டாய். இனி நான் எதைத் தடவிப் பிடிக்கிற?"

தடவி என்ற பிறகுதான் புத்தி வந்தது. அவர் விரலால் பார்க்கிற ஆள். கடைக்குக் கூட்டிப்போய், இரண்டாம் பட்டனில் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். காய்ந்ததும் மிளகளவு மேடு. விரலுக்குத் தெரியும். பார்ப்பவனுக்கு அது சும்மா போன்.

வீட்டுக்குள் இருக்கும் ஆளை மட்டும் நினைத்துச் செய்தது என் பிழை. அந்த ஆள் தெருவாலும் போவார்.

சண்டை முடியும்வரை அப்படிச் செய்து கொடுத்த போன்கள் நாற்பத்தொன்று.