என் வாளியில் மட்டும் எறும்பு

வடிகட்டியைத் தட்டினால், சூடு ஆறாத டீத்தூள் மண்ணில் விழுந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு வயிறு எரியும்!

பெருநகர் என்கிற ஊரில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு தேவி அக்காவும் நானும் ஒரே ஷூ கம்பெனி, ஒரே பஸ். தள்ளுவண்டிக்காரரிடம் ஒரே நாளில் ஆளுக்கொரு பன்னீர் ரோஜாச் செடி வாங்கி, பழைய பெயிண்ட் வாளியில் வைத்தோம்.

அக்கா வாளியில் பூ. என் வாளியில் எறும்பு.

தினமும் அக்கா தலையில் ஒரு ரோஜா. "உன்னுது எங்கமே?" என்று பஸ்ஸில் ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒரே ஒரு நாளாவது என் வீட்டுப் பூவோடு அந்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

மஞ்சள்தூள் போட்டேன், சாம்பல் போட்டேன்... கையில் கடி வாங்கியதுதான் மிச்சம். அக்காவிடம் கேட்க ரோஷம். அவள் டீத்தூள் போடுவதைப் பார்த்து, நானும் இன்னும் அள்ளிக் கொட்டினேன்.

ஒருநாள் காலையில் புத்தி கெட்டுப்போய், என் வாளியைத் தூக்கி அக்கா வாளியோடு ஒட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நாலு எறும்பு அங்கேயும் போகட்டுமே!

அன்று அக்காவுக்கு லீவு. எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்தால், என் வாளி தண்ணீர் டப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. மண்ணிலிருந்து சுவருக்கு ஒரு குச்சி. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி வெளியே போகின்றன.

"இன்னாமே, சக்கர போட்டு கொதிக்க வெச்ச தூள அப்டியே கொட்டிக்கினு கீற? எறும்பு வராம இன்னா பண்ணும்? ரெண்டு தண்ணி அலசிட்டு போடு."

வாளி எப்படி அங்கே வந்தது என்று மட்டும் அக்கா கேட்கவில்லை. அதற்கு எறும்புக் கடியே தேவலை.

அடுத்த மாதம் பூத்தது. வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கென்று அக்கா தலையில் பூ இல்லை.

"என்னுது இன்னிக்கி பூக்கலமே," என்றாள். வரும்போது பார்த்தேனே... மூன்று பூத்திருந்தது.

அந்த மனசைப் பார்த்து வந்த பொறாமை இருக்கிறதே, அது பூவுக்குப் பட்டதைவிடப் பெரிது.

இப்போது தாம்பரத்தில் மொட்டைமாடி முழுக்கத் தொட்டி. எறும்புக்குக் கடையில் பவுடர் கிடைக்கிறது. பூ வைத்துக்கொண்டு போனால்தான் "எங்க பூத்தது?" என்று கேட்க ஒரு பஸ் இல்லை.

அக்கா இன்னும் பெருநகரில்தான். காலையில் வாட்ஸப்பில் ரோஜா படம் அனுப்புவாள். நான் முதலில் ஒரு ஹார்ட் போடுவேன். அப்புறம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, எறும்பு இருக்கிறதா என்று இலை இலையாகத் தேடுவேன்.

இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.