என்னைக் கேட்காமல் வைத்த பெயர்

என் மகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் அவளுடைய வயதை உடனே சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சி எங்கள் ஊருக்கு வந்த புதிதில் பிறந்த பெண்பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர்தான். இப்போது அது பழைய காலத்துப் பெயராகிவிட்டது. அண்மையில் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் காலத்துச் சனத்துக்கு ரசனையே இல்லையாம். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துப் பெயர் வைத்தால் என்ன, சாமி படத்தைப் பார்த்து வைத்தால் என்ன? பெயர் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். அந்தப் பெயரோடு எனக்கு இருக்கிற கணக்கு வேறு. அது அவளுக்குத் தெரியாது.

திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில் என் சீதன வீடு இருந்தது. கணவர் துறைமுகக் களஞ்சியத்தில் எழுத்தர். அவருடைய அக்கா அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்தார். நான் அவரை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மச்சாளின் புருஷன் சவூதியில் வேலை செய்து ஒரு கலர் தொலைக்காட்சி அனுப்பியிருந்தார். எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல். கூரைக்கு மேல் நீளக் குழாயில் அன்ரனா நின்றது. கடல்காற்று அதைத் திருப்பிவிடும்போதெல்லாம் என் கணவர் மதிலில் ஏறிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதோ? இப்ப?" என்று கத்துவார். உள்ளேயிருந்து இருபது குரல் பதில் சொல்லும்.

கிழமைக்கு ஒருமுறை ஓர் ஆங்கிலத் தொடர் போனது. பணக்காரக் குடும்பம் ஒன்றின் கதை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை நல்ல வடிவு. எப்போது பார்த்தாலும் கண்ணில் தண்ணீர் நிற்கும். மச்சாள் முன்கதிரையில் இருப்பார், மற்றவர்கள் பாயில். அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டுத் தந்திருந்தார்கள். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், ஆங்கிலம் விளங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்பார்கள். நான் சொல்வேன்.

அந்தத் தங்கைக்காரி நல்லவள் இல்லை. அழுதுகொண்டே பொய் சொல்வாள். ஒருநாள் வக்கீலிடம் அவள் பேசியதை நான் அப்படியே சொன்னேன்.

"மச்சாள், அக்காவுக்கு விசர், மூளை பிழையெண்டு காட்டச் சொல்லி இவள் அந்த ஆளிட்டைக் கேக்கிறாள். பிறகு வீட்டை எழுதி எடுக்கலாமாம்."

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்த முகத்தோடையோ? நீர் பிழையாக் கேட்டிருப்பீர்."

பாயில் இருந்தவர்களும் மச்சாளின் பக்கம்தான். நானும் விட்டுவிட்டேன். தொடர்தானே என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாசம். பிள்ளைக்கு ஒரு பெயர் நான் தேடி வைத்திருந்தேன். இரண்டே எழுத்து. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பெயர், செத்துப்போன எவரின் நினைவையும் சுமக்காத பெயர். பெண் பிறந்தால் அதுதான் என்று ஒரு பின்னேரம் கடற்கரையில் நடக்கும்போது கணவரிடம் சொன்னேன். அவர் நின்று, அந்தப் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார். "நல்லாயிருக்கு. வாயில சுகமா வருது. அதையே வைப்பம்" என்றார். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவருக்குச் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

பெண்தான் பிறந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். காயத்தில் சீழ் வைத்து எனக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கவே தாதிமார் என்னைப் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. காய்ச்சல் இறங்கிய ஒரு காலை கணவர் கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து கட்டிலடியில் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"பேர் பதிஞ்சாச்சு" என்றார்.

நான் தேடி வைத்திருந்த பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் தடவினேன். அவர் சிரிப்பு நின்றது.

"அது இல்லை. அக்கா ஒரு பேர் சொன்னவா. அந்த நாடகத்தில வாற தங்கச்சின்ரை பேர். எல்லாருக்கும் பிடிச்சுப் போட்டுது."

"ஆரைக் கேட்டுப் பதிஞ்சனீங்கள்?"

"நீர் காய்ச்சலில கிடந்தனீர். அக்காதானே ஓடியாடி எல்லாம் செய்யிறா. அவாவுக்கு ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு எழும்ப முடியவில்லை. முடிந்திருந்தால் அந்தக் கொத்தமல்லித் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றியிருப்பேன். பக்கத்துக் கட்டில் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து விசிறத் தொடங்கினார்.

முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு. வீடு நிறையச் சனம். மச்சாள் பிள்ளைக்குச் சங்கிலி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் காதில் சொன்னார். உடனே எல்லோரும் தங்கள் தங்கள் அபிப்பிராயத்தை எடுத்துவிட்டார்கள். கணவரின் சித்தப்பா, "இது வெள்ளைக்காரப் பேரல்லோ, கோணேசர் இருக்கிற ஊரில வேறை பேர் கிடைக்கேல்லையோ?" என்றார். இன்னொருவர் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பொருந்தவில்லை என்றார். பெண்கள் ஸ்டைலான பெயர் என்றார்கள். நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்தேன், என் பிள்ளையின் பெயரை ஊர் ஏலம் போடுவதைப் பார்த்துக்கொண்டு.

எதிர்வீட்டில் கிண்ணியாவிலிருந்து வந்து புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பேரு நல்லாத்தான் இரிக்கி. புள்ளட உம்மா என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன். "நான் வேறை பேர் வைச்சிருந்தனான், அவருக்குத் தெரியும். இவை வைச்சது ஆரின்ரை பேர் தெரியுமோ? சொந்த அக்காவை விசரியாக்கி அடைச்சுப்போட்டு வீட்டைப் பறிக்கப் பாக்கிறவளின்ரை பேர். நான் அண்டைக்கே சொன்னனான். ஒருத்தரும் காதில போடேல்லை."

மச்சாள் பிள்ளையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு எழும்பினார்.

"எங்களுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு சபையில வைச்சுச் சொல்லிக்காட்டுறீர், என்ன?"

"நான் அதைச் சொல்லேல்லை, மச்சாள்."

"அதைத்தான் சொன்னனீர். உம்மடை பிள்ளைக்கு எத்தினை நாள் நான் குளிக்க வாத்தனான்? அப்ப நான் மச்சாள். பேர் வைக்க மட்டும் நான் படிக்காதவள்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அது எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. மச்சாள் சாப்பிடாமல் போனார். கணவர் பிள்ளையை யார் கையிலோ கொடுத்துவிட்டு அக்காவுக்குப் பின்னால் ஓடினார். என் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

காயம் ஆறியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பிறப்புப் பதிவு செய்கிற கச்சேரிக்குப் போனேன். பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தகப்பனும் வந்து ஒப்பமிட வேண்டும் என்றார். "அவர் பதியேக்கை என்னைக் கேட்டனீங்களோ?" என்று நான் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தகப்பனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி" என்றார்.

கணவர் வேலையால் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். நாளைக்கு என்னோடு வருவீர்களா, மாட்டீர்களா?

"அக்கா மனம் நொந்துபோவா" என்றார்.

"அப்ப கச்சேரியில பதிஞ்ச ஆளாவது என்னை நினைச்சாரோ? தாயைக் கேக்கோணுமெண்டு அந்தாளுக்குத் தோன்றேல்லையோ?"

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவர் கேட்டவர். தாய்க்கும் சம்மதமோ எண்டு. நான் ஓம் எண்டனான்."

மச்சாள் மேல் எனக்கிருந்த கோபம் அந்த நிமிடத்தில் வேறு வீடு மாறியது. மச்சாள் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பெயர் வைத்திருந்தது தெரிந்த ஒரே ஆள் இவர். கேள்வியும் இவரிடம்தான் வந்திருக்கிறது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பத்தை யாரோ முன்பின் தெரியாத மனிதர் கொடுத்திருக்கிறார். இவர் என் வாயால் ஓம் சொல்லிவிட்டு, கொத்தமல்லித் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவருக்குச் சோறு போட்டேன், உடுப்பு தோய்த்தேன், கதைக்கவில்லை. அவர் ஒருமுறைகூடப் பிழை என்று சொல்லவில்லை. "பேர்தானே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதே வருடம் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. தொடரில் தங்கைக்காரியின் வேஷம் கலைந்து அவளைப் பொலீஸ் கொண்டுபோனதை ஒழுங்கையே பார்த்ததாம். நான் அங்கே போவதை நிறுத்தியிருந்தேன், எதிர்வீட்டு அம்மா வந்து சொன்னார். மச்சாள் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு, "எண்டாலும் பேர் வடிவுதானே" என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. மாதக் கணக்காக வராத சிரிப்பு. மாம்பழக் காலத்தில் மச்சாள் ஒரு கூடையோடு வந்தார். இரண்டு பேரும் பழத்தைப் பற்றி மட்டும் கதைத்தோம். அப்படியே எங்கள் சண்டை முடிந்தது.

வீட்டில் நான் மகளை என் இரண்டெழுத்துப் பெயரால் கூப்பிட்டேன், அவர் மற்றதால். பிள்ளை இரண்டுக்கும் திரும்பியது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் ஒருநாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. நீங்கள் கூப்பிடுறது என்ரை பேர் இல்லை" என்றாள். வகுப்பில் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம். நாலு பேரும் கைகோத்துக்கொண்டு திரிகிறார்களாம். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

அவளோடு எப்படிக் கோபிப்பது? அன்றிலிருந்து நானும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறேன். இப்போது அவள் தூரதேசத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் அந்தப் பெயர் வாயில் வருவதற்கு முன் எனக்கு ஒரு கணம் தடக்கும். இணைப்பில் வருகிற தாமதம் என்று நினைத்து அவள், "கேக்குதோ அம்மா, கேக்குதோ?" என்பாள்.