இருநூறு சிவப்பு முட்டைகள்

1994 பிப்ரவரி 12, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், என் சகலையின் கொட்டகை வாசலில் களிமண் முயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்துப் பலகையில் முட்டைகள்.

"என்ன சகலை, முயல் முட்டை போடுதா?"

"பாண்டிச்சேரி வியாபாரி கேட்டாருங்க, ஈஸ்டருக்காம். ஏன் எதுக்குன்னுலாம் நான் கேக்கல" என்று சிரித்தார்.

அவர் படித்தது ஐந்தாவது. நான் பி.ஏ. பதினோரு வருடமாக நான் செய்துவந்தது மின்சாரப் பெட்டிக்கான ஃபியூஸ் கட்டை. அதை யாரும் கையில் எடுத்து அழகு பார்த்ததில்லை. என் மனைவியோ தங்கை வீட்டிலிருந்து ஒரு முயலைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். "நீங்க படிச்ச படிப்புக்கு இப்படி ஒண்ணு செஞ்சிருக்கீங்களா?" என்றாள்.

மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து கலைக்களஞ்சியம் படித்தேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் முட்டை விலக்கு. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது போட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்ததைப் பண்டிகையன்று சாயமிட்டுத் தின்றிருக்கிறார்கள். மூடிய முட்டை கல்லறை, உடைத்து வரும் குஞ்சு உயிர்த்தெழுதல். கிரேக்கர்கள் கிறிஸ்துவின் இரத்தம் என்று சிவப்புச் சாயம்தான் இடுவார்களாம். ஜெர்மானியர்களுக்கு முட்டை கொண்டுவருவது முயல். பிரெஞ்சுக்காரர்களுக்கு, ரோமாபுரி போய்த் திரும்பும் கோயில் மணி. பாரசீகர்கள் ஈஸ்டரே இல்லாமல் வசந்தப் புத்தாண்டுக்கு முட்டையில் வண்ணம் தீட்டுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தவனுக்கு ஆர்டர் இல்லை. ஒன்றும் கேட்காதவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு முயல்!

பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய் அந்த வியாபாரியிடம் நாற்பது நிமிடம் பேசினேன். "சாருக்கு நெறைய தெரிஞ்சிருக்குதே" என்றார். இதை வீட்டில் நான்கு முறை சொன்னேன். சிவப்பு முட்டை இருநூறு கேட்டார். சரியாக வந்தால் அடுத்த வருட ஈஸ்டர் ஆர்டர் முழுவதும் எனக்கே. "சகலைக்குப் போகாதே?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஃபியூஸ் கட்டை வெள்ளை. நிறத்தில் எனக்குப் பழக்கமில்லை. சகலையைக் கேட்டிருக்கலாம். அவரிடம் போய்க் கேட்பதா? பளபளப்புக்குப் பூசும் கிளேஸில் செங்காவித் தூளைக் கலந்து நானே பூசினேன். செக்கச்செவேலென்று இருந்தது. இருநூறையும் பேட்டையின் பொதுச் சூளைக்கு அனுப்பினேன்.

மார்ச் 18 அன்று சூளை திறந்தது. ஒன்றுகூடச் சிவப்பில்லை. இருநூறும் கரும்பழுப்பு.

"புளி உருண்டையா சார்? கிலோ என்ன வெல?" என்றார் சூளைக்காரர்.

சகலை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "காவி சூட்டுல செவப்பா நிக்காதுங்களே சகலை. பேட்டையில எல்லாருக்கும் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"எடுத்துட்டுப் போய்க் கொட்டுங்க" என்றேன்.

அவர் கொட்டவில்லை. தன் முயல்களோடு ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி போனார். மறுநாளே பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"சகலை, வியாபாரி சாக்லேட் முட்டைன்னு மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு! அடுத்த வருசத்துக்கு இதே கலர்ல ஐநூறாம். இது உங்க சரக்குதான்னு சொல்லிட்டேங்க. யார் செஞ்சா என்ன, உங்ககிட்டன்னா பேச்சு கம்மி, நீங்களே கொண்டாங்கன்னுட்டாரு."

சாக்லேட் முட்டையைப் பற்றி அந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இருந்தது. பிற்காலத்துக் கடை வியாபாரம்தானே என்று தாண்டிப் போயிருந்தேன்.

முட்டைக்கு ஆறு ரூபாய் கணக்கில் ஆயிரத்து இருநூறை நீட்டினார். வாங்கியிருந்தால் ஐம்பத்தோரு ரூபாய் ஐம்பது காசு லாபம். "உங்க முட்டை, நீங்களே வெச்சுக்குங்க" என்று தள்ளிவிட்டேன். மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மண், கிளேஸ், சூளைக் கூலி, பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து என் கையைவிட்டுப் போனது ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.