வலையைக் கழற்றிய பெட்டி

எர்ணாகுளத்துக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து இறங்கிப் படகுத் துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பெட்டி தோளில் கனத்தது. மழை விட்டுவிட்டுப் பெய்ததால் அதைப் போர்வையில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்திருந்தேன். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. மட்டாஞ்சேரியில் ஒருவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவனுக்கு ஆட்டம். ஆட வேண்டிய கம்ப்யூட்டர் என் தோளில் இருந்தது. அதன் கிராபிக்ஸ் கார்டு செத்துப்போயிருந்தது.

கடையில் பெட்டியைத் திறந்தவர் மலையாளி. தமிழர்களோடு பழகிப் பழகி ஒரு தமிழ் பேசினார்.

"அண்ணா, இது எவிடெ வச்சிருந்தது? வெள்ளை அடிக்கிற வீட்டிலயா?"

"சுக்கு கோடவுனை ஒட்டின ரூம்ல."

"மட்டாஞ்சேரி சுக்கா? அப்போ சுண்ணாம்பு." கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. செம்பு இருந்த இடங்களில் பச்சை பூத்திருந்தது. "மழைக்காலம் வந்ததும் ஈரம் பிடிச்சு அப்படியே ஒட்டிப்போச்சு. கார்டு போயி. பாக்கி எல்லாம் பிரஷ் போட்டுத் தரேன். இதுக்கு ஒண்ணும் செய்யான் பற்றில்ல, முடியாது. முன்னாடி ஒரு வலை இருக்குமே, தூசிக்கு, அது எங்கே?"

"கழட்டிட்டோம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

காத்திருந்தவனும் நானும் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்கள். நான் எட்டாவது பாதியில் ஊரை விட்டவன், எங்கும் ஒரு வருஷம் முழுக்க நின்றதில்லை. அவன் நிற்கக்கூடியவன். திருப்பூணித்துறையில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் மிஞ்சவில்லை. கான்ட்ராக்டர் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த கோடவுன்காரரிடம் சொல்லி அந்தத் தகரக் கூரை அறையையும் பிடித்துக் கொடுத்து, கைகழுவிக்கொண்டார். அவனைத் தூக்க, குளிப்பாட்ட ஒரு ஆள் வேண்டும். எனக்குப் படுக்க இடம் வேண்டும். அப்படித்தான் சேர்ந்து இருந்தோம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் அவன் ஊர். அங்கே போக மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தான். "உன்னத் தவிர இங்க எவனும் நான் நடந்து பாத்ததில்ல மாப்ள. அங்க எல்லாரும் பாத்திருக்கான்" என்பான். கபடியில் அவன் பிடிக்குத் தப்பியவர்கள் குறைவு என்று அவனுடைய அக்கா வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வரும்போதெல்லாம் வந்து பார்ப்பார், ஊருக்குக் கூப்பிடுவார்.

படுத்த படுக்கையில் அவன் போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடிப் பழகினான். கை நன்றாக வந்தது. கோயம்புத்தூரில் ஒரு டீம், சில மாதம் பழகிவிட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிக் காட்டினால் சேர்த்துக்கொள்கிறோம், மாதச் சம்பளம் உண்டு என்றது. அக்கா வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "சரி, அதுல எடம் கெடச்சா இரு. இல்லன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன். மறுபேச்சுப் பேசக் கூடாது" என்றார். அவனும் தலையாட்டினான்.

கான்ட்ராக்டர் கொடுத்த பணத்தில் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுத்த அந்த வாரங்களில் அவனை அறையில் வேறு ஆளாகப் பார்த்தேன். விழுந்த பிறகு அவனைக் கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. கட்டில், லுங்கி, மலம் எடுக்கிற சட்டி, எல்லாம் அடுத்தவர் பார்த்து வாங்கியது. இந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு திருகையும் அவன்தான் முடிவு செய்தான். போனில் வீடியோ பார்ப்பான், நிறுத்துவான், என்னிடம் வாதாடுவான். எனக்குப் பாதி புரியாது.

"பிராசசர்ல படம் காட்டுற வசதியும் இருக்கட்டும் மாப்ள. கார்டு போனாலும் திரை தெரியும்."

"கார்டு ஏன் போவுது?"

"பேச்சுக்குச் சொன்னேன்டா. வாயக் கழுவு."

கார்டு மட்டும் பழையது. விசா வந்து கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பையன் விற்றான். இந்தப் பக்கம் அப்படி நிறைய கிடைக்கும். ஒவ்வொருவரும் போகும்போது கம்ப்யூட்டரை விற்றுவிட்டுத்தான் போகிறார்கள். மதர்போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் புதிது. வெளிக்கூடான கேபினெட்டுக்குத்தான் நாள் கணக்கில் யோசித்தான். முன்பக்கம் கண்ணாடி வைத்தது அழகாக இருந்தது. ஆனால் எல்லா வீடியோவிலும் காற்று, காற்று என்றார்கள். கம்பிவலை முகப்பும் நிறைய ஃபேனும் உள்ளதை எடுத்தான்.

அந்த வீடியோக்காரர்கள் எல்லாரும் ஏசி அறையில் இருந்தார்கள். எங்கள் அறை தகரத்தின் கீழ் வெந்தது. ஆட்டம் ஓடும்போது சூட்டு அளவு ஏறிக்கொண்டே போகும். ஃபேனுக்கு முன்னால் உள்ள தூசி வலை காற்றைத் தடுக்கிறது என்று யாரோ சொல்ல, அவன் கழற்றச் சொன்னான், நான் கழற்றினேன். அளவு இறங்கியது. இருவரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சியைச் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்து, பெண்கள் முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலையணை, சோற்றுப் பானையின் மூடி, அவன் இமை மயிர் எல்லாமே எப்போதும் வெளுத்திருக்கும். பழகிப்போனதால் அதைத் தூசி என்று நாங்கள் நினைக்கவில்லை. அத்தனை ஃபேனும் சேர்ந்து மூன்று மாதமாக அதைத்தான் உள்ளே இழுத்திருக்கின்றன.

படகிறங்கி அறைக்குப் போனதும் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவன் கார்டைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டினான். துளி பெயர்ந்து போர்வையில் விழுந்தது.

"கார்டு இல்லாம மாட்டு" என்றான்.

"ஓடுமா?"

"திரை தெரியும்."

மாட்டினேன். எல்லாவற்றையும் அடிமட்டத்துக்குக் குறைத்தான். புல் இல்லை, நிழல் இல்லை, மனிதர்கள் களிமண் பொம்மைபோல் வந்தார்கள். தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்காரவைத்தேன். காதில் ஹெட்செட் மாட்டியிருந்ததால் அவன் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"வந்துட்டேன் தம்பி... ஆமா, வீடியோ வேணாம், குரல் போதும்... வலது பக்கம் ஒருத்தன், மாடில... பாத்துட்டேன், பாத்துட்டேன்."

பார்த்துவிட்டான்தான். அவன் சொன்ன இடத்தில்தான் ஆள் இருந்தான். ஆனால் திரை விட்டுவிட்டு நகர்ந்தது. சுடுவதற்குள் படம் நின்றுவிடும். மறுபடி அசையும்போது இவன்தான் செத்துக் கிடப்பான். மூன்றாவது ஆட்டத்தில் அவன் சுடுவதையே விட்டுவிட்டு, எங்கே யார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"இல்ல தம்பி, நெட் பிரச்சனை இல்ல. என் சிஸ்டம்தான்... அடுத்த வாரமா? இல்ல, அதுக்குள்ள சரியாகாது... வேற ஆள் இருந்தாப் போட்டுக்கங்க. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்."

ஹெட்செட்டைக் கழற்றினான். தன் கால் விஷயத்தை அவன் அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர்களிடம் சொல்லலாமே என்று நான் கேட்டேன்.

"சொன்னா பாவம்னு எடம் குடுத்துருவானுங்க. அதான் சொல்லல."

கீபோர்டைத் தள்ளி வைத்தான். பிறகு அவனே அக்கா வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டான். "மச்சான், நாளைக்கு லோடு எறக்கிட்டு இப்படி வாங்க" என்றான். நான் கஞ்சி வைத்தேன். குடித்தான்.

அறை அவனுக்காகக் கொடுத்தது. அவன் போனால் அதுவும் போகும். தேவராவில் ஒரு ஹோட்டலில் ஆள் கேட்டது ஞாபகம் வந்தது. போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் லாரி வந்தது. அக்கா வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, மேசையைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய ஏத்தணுமா?"

"வேணாம் மச்சான். கோடவுன்காரரு வித்துக்கட்டும்."

இருவரும் சேர்ந்து அவனைத் தூக்கி முன்னால் ஏற்றினோம். அவர் மூச்சு வாங்க வண்டியைச் சுற்றி வந்தார்.

"கிளீனர் பய போன வாரம் ஓடிட்டான். தனியாத்தான் வந்தேன். வீட்ல இவனத் தூக்க அக்காவால ஆகாது. நீ என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏறு. ரிவர்ஸ் பாக்கத் தெரியுமா?"

"பழகிக்குவேன்."

"பின் பலகையில ஒரு தட்டுத் தட்டுனா நான் வரலாம். ரெண்டு தட்டுனா நிக்கணும். அவ்வளவுதான் படிப்பு."

கிளீனர் இடத்தில் அவன் கால்களை நீட்டிக் கிடத்தியிருந்தோம். நான் பின்னால் போய், காலிப் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்துகொண்டேன். சந்து குறுகல், லாரி பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும். இறங்கி நின்று, எதிரே வந்த ஸ்கூட்டரைக் கைகாட்டி நிறுத்தி, பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன்.